சத்தம் மட்டும் ஓடிய படம்

அய்யாவு அண்ணன் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் காவல் கூண்டில், கழுத்து ஒடிந்த மேசை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கள் லிஃப்டுகளையும் கார் நிறுத்துமிடத்தையும் குப்பை அறையையும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் யாரோடு சண்டை போட்டுத் தனித்தனி லிஃப்டில் ஏறுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "நான் பாக்கற ஆளு சார், பேசற ஆளு இல்ல" என்பார். சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசுவார்.

என்னைப் பார்த்தால் "வாங்க இந்தியா!" என்றுதான் கூப்பிடுவார். நான் திருச்சியிலிருந்து வேலை அனுமதியில் இந்த நாட்டுக்கு வந்தவன். அந்த அனுமதி புதுப்பிக்கப்படும் வரை ஒவ்வொரு முறையும் எனக்குச் சோறு இறங்காது. அதையும் அவர் கண்டுபிடித்துவிடுவார். "என்ன சார், பாஸ் ரின்யூ பண்ற மாசமா? மூஞ்சி அப்படியே இமிகிரேஷன் கியூ மாதிரி இருக்கு லா."

இந்தக் கூண்டுக்கு வருவதற்கு முன்பு அவர் கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். முதுகு போனபின் காவல் வேலைக்கு வந்தார். வீடு கிள்ளானில் ஒரு வரிசை வீடு. அங்கிருந்து தினமும் கோமுட்டர் ரயிலில் வருவார். மனைவி பவுனம்மாள் காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப் பால் சோறு, பொட்டலம் கட்டி வீட்டு வாசலில் விற்பவர். ஒரே பிள்ளை லோகன், கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவன், சுபாங் ஜெயாவில் ஏர்கான் பொருத்தும் வேலை. பையனைப் பற்றி அவர் அதிகம் சொன்னது அவன் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். ஒவ்வொரு சாமானாக வாங்கி அவனே சேர்த்துக் கட்டியது. "உள்ள லைட்டெல்லாம் எரியும் சார். தைப்பூசம் மாதிரி இருக்கும். கரண்ட் பில் எனக்குத்தான் வரும்."

ஒரு மழை நாள் மாலை லோகன் இறந்துபோனான். மறுநாள் நாசி லெமாக்குக்குத் தேங்காய்ப் பால் போதாது என்று பவுனம்மாள் அவனைக் கடைக்கு அனுப்பியிருந்தார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஷபீர் என்பவரின் கைப்பேசிக் கடை இருக்கும் முக்கில், மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். சத்தம் கேட்டு ஷபீர் குடையோடு ஓடிவந்தபோது மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது இல்லை. கூடிய கூட்டத்தில் யாரோ ஒருவர், "இப்பத்தான் ஒரு லோரி போச்சு" என்றார். சாவு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது, "லோரிக்காரன் அடிச்சிட்டு நிக்காம போயிட்டான்" என்று ஆகியிருந்தது.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அய்யாவு அண்ணன் என்னை "இந்தியா" என்று கூப்பிடவில்லை. கூண்டுக்கு வெளியே வந்து நின்று, "தம்பி, உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியும்ல?" என்றார். அதுவரை நான் அவருக்கு சார்.

ஷபீர் கடை வாசலில் ஒரு கேமரா இருக்கிறது. இறுதிச் சடங்கு நடந்த அன்றே அவர் அந்த மாலைப் பதிவை ஒரு பென்டிரைவில் போட்டு, ஊதுபத்தி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்திருந்தார். ஆனால் அதை யாரும் திறக்கவில்லை. பவுனம்மாள் விடவில்லை. பதினாறாம் நாள் கருமக்கிரியை முடியும்வரை அது லோகன் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில், திருநீற்றுத் தட்டில் இருந்தது.

"காரியம் முடியற வரைக்கும் என் புள்ளைய படத்துலகூட விழ விடமாட்டேன்னு சொல்லிட்டா," என்றார் அய்யாவு அண்ணன். "அவ சொல்றதும் நியாயம்தானே? நானும் விட்டுட்டேன். முடிஞ்சதும் போட்டுப் பாத்தா, படம் வரல. கோடெக் இல்லன்னு எழுதிக் காட்டுது. போலீஸ் ஸ்டேஷன்லயும் போட்டுப் பாத்தாங்க, அங்கயும் கருப்பு. 'லோரி நம்பர் தெரியற மாதிரி ஓட வச்சுக் கொண்டு வாங்க, தேடறோம்'ங்கறாங்க. எங்க பூத்துல எல்லாக் கேமராவும் ஓடுதே தம்பி, அது மட்டும் ஏன் ஓடல?"

என் அலுவலக மடிக்கணினியில் பென்டிரைவ் செருக முடியாது. கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது. செருக முடிந்திருந்தாலும் செருகியிருப்பேனா என்று தெரியவில்லை. போலீஸ் விஷயம். சாட்சிப் பொருளில் ஒரு அந்நியன் கை வைத்தான் என்று நாளை யாராவது சொன்னால்? இப்படி எனக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அவசரத்தில் மடித்த வேர்க்கடலைப் பொட்டலம். உதவி கேட்க வரும்போது வேறெதுவும் கொண்டுவரத் தெரியாமல் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

லோகனின் அறையில் கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. அதை எடுத்ததும் பவுனம்மாள் வாசலோடு நின்றுவிட்டார். சின்ன உடம்பு, நெற்றியில் திருநீறு மட்டும். "வாங்க தம்பி. சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், "நம்பர் மட்டும் தெரிஞ்சாப் போதும் தம்பி. நான் அவன ஒண்ணும் பண்ண மாட்டேன். ஏன்டா நிக்கலன்னு கேக்கணும், அவ்ளோதான்," என்றார்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் விளம்பரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தன. அய்யாவு அண்ணன் தலையைச் சொறிந்தார். "கோடெக் வேணும்னு கேட்டுச்சா, இண்டர்நெட்ல தேடுனேன். பச்சைப் பட்டன் ஒண்ணு இருந்துச்சு. அமுக்குனேன்."

"எத்தன பச்சைப் பட்டன் அமுக்குனீங்க?" என்று கேட்டார் பவுனம்மாள்.

"இருந்ததெல்லாம்."

"இவர லிஃப்டுக்குள்ள விட்டா எல்லா மாடியும் அமுக்குவாரு தம்பி," என்றார் அவர். அந்த வீட்டில் நான் கேட்ட ஒரே கேலி அதுதான். சொன்னவர் முகத்தில்கூடச் சிரிப்பில்லை.

அந்தக் குப்பைகளை நீக்கவே மதியம் ஆகிவிட்டது. நல்லவேளையாகப் பென்டிரைவை எதுவும் தொட்டிருக்கவில்லை. முதல் வேலையாக அதற்கு ஒரு நகல் எடுத்துவைத்தேன். பிறகு எதையும் ஓட்டும் என்று கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நாங்கள் நம்பும் இலவசப் பிளேயர் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பிசிறு, நடுவில் பச்சைக் கட்டம், பிறகு முழுக் கருப்பு. ஆனால் சத்தம் வந்தது.

மழை. ஷபீர் கடையின் தகரக் கூரையில் விழும் மழை. யாரோ தும்மினார்கள். ரோலர் கதவைப் பாதி இறக்கும் ஓசை. பிறகு தூரத்திலிருந்து கனமான வண்டி ஒன்றின் உறுமல், கிட்டே வந்து, அறையே அதிர்வதுபோல் பெருத்து, நகர்ந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளின் மெல்லிய இரைச்சல். இரும்பு தரையில் இழுபடும் சத்தம். பிறகு மழை மட்டும்.

"லோரி," என்றார் பவுனம்மாள். அவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கேட்டீங்களா? லோரி. நான் சொன்னேன்ல லோகன்ப்பா, லோரின்னு. இன்னொரு தடவ போடுங்க தம்பி."

போட்டேன். மறுபடி கேட்டார். மறுபடியும் போட்டேன். மகன் விழும் சத்தத்தை அவர் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். அதற்கு முந்திய உறுமலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அது ஓடும்போது மட்டும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் அய்யாவு அண்ணன் என்னைக் கொல்லைப் பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னார்: "அந்த லோரி இல்லன்னா இவ இருந்திருக்க மாட்டா தம்பி. 'நான் ஏன் அனுப்புனேன், நான் ஏன் அனுப்புனேன்'னு சுவத்துல முட்டிக்கிட்டா. அப்புறம்தான் லோரின்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் ஒரு வாய் சோறு சாப்ட்டா."

படத்தைச் சுருட்டிக் கட்டும் முறைக்கும் அவிழ்க்கும் முறைக்கும்தான் கோடெக் என்று பெயர். கட்டியவன் போட்ட முடிச்சு அவிழ்ப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பதிவில் சத்தம் எல்லோருக்கும் தெரிந்த முடிச்சு. படமோ அந்தக் கேமராப் பெட்டியைச் செய்த ஊர் பேர் தெரியாத கம்பெனியின் சொந்த முடிச்சு. பெட்டியிலிருந்து இன்னொரு முறை, சாதாரண முறையில், எடுத்துக்கொண்டால் முடிந்தது. இதை விளக்கியதும் அய்யாவு அண்ணன் உடனே செருப்பை மாட்டினார்.

ஷபீர் எங்களைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது.

"அண்ணே, அந்தப் பொட்டி ரெண்டு வாரந்தான் வச்சிருக்கும். அப்புறம் அது மேலயே புதுசா எழுதிடும். நீங்க அடுத்த நாளே போட்டுப் பாத்து, வரலன்னு ஒரு போன் அடிச்சிருந்தா…"

திருநீற்றுத் தட்டில் பென்டிரைவ் இருந்த நாட்களை அய்யாவு அண்ணன் நினைத்திருக்க வேண்டும். தினமும் திரைக்கு முன்னால் உட்காருகிறவர். பழைய பதிவு அழிந்துபோகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை வீட்டுச் சாவோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

"மன்னிச்சுக்குங்க அண்ணே. நான் அப்பவே படத்தோட பிளேயரையும் சேத்துப் போட்டிருக்கணும். அவசரத்துல…" ஷபீர் கடையின் பின்னறைக்குள் போய் அட்டைப் பெட்டிகளைப் புரட்ட ஆரம்பித்தார். நாங்கள் கிளம்பும்வரை கிடைக்கவில்லை. சில நாள் கழித்து அவரே அய்யாவு அண்ணனுக்குப் போன் செய்தார். கேமராப் பெட்டி வந்த அட்டையின் அடியில், உள்ளங்கை அளவு ஒரு சின்ன சிடி இருந்ததாம், உறைகூடப் பிரிக்காமல்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது பவுனம்மாள் குளித்து, விளக்கேற்றி வைத்திருந்தார். "நான் உள்ள வரல. அவன் விழறத நான் பாக்க மாட்டேன். நம்பர் தெரிஞ்சதும் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். லோகன் கட்டிய கம்ப்யூட்டரில் சிடி போடும் இடம் இருந்தது. அந்தப் பழைய பிளேயர் இந்த விண்டோஸில் ஏற மறுத்தது. பழைய முறையில் ஓடச்சொல்லி ஏற்றினேன். கூடவே அது தன் கோடெக்கையும் போட்டுக்கொண்டது. வேலை செய்யக்கூடாது என்று எனக்குள் ஏதோ வேண்டிக்கொண்டதைச் சொல்லத்தான் வேண்டும். நம்பர் தெரிந்தால் போலீஸ், கோர்ட்டு, சாட்சி. அங்கெல்லாம் என் பெயர்.

வேலை செய்தது. படம் வந்தது.

சத்தத்தைக் குறைத்து வைத்தேன். கடை முன் நடைபாதை, முக்கு, அதற்கு அப்பால் பெரிய சாக்கடை, சாக்கடைக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் சாலை. மழைக்கோடுகள். லோரி வந்தது. சாக்கடைக்கு அந்தப் பக்கத்துச் சாலையில், எதிர்த் திசையில் வந்து, திரையின் ஓரத்தில் போய் மறைந்தது. முக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது மறைந்த பிறகுதான் லோகன் வந்தான்.

மெதுவாகத்தான் வந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான். முன்னால் கொக்கியில் சிவப்புப் பிளாஸ்டிக் பை தொங்கியது. முக்கில் திரும்பும்போது அதன் ஒரு காது கொக்கியிலிருந்து கழன்றது. பை சரிந்தது. ஒரு கையை எடுத்து, குனிந்து, அதைப் பிடித்தான். பிடித்தும்விட்டான். வண்டி ஈரத்தில் பக்கவாட்டில் போனது. சாலையோரக் கல்லில் தலை. பை வெடித்து வெள்ளையாகப் பரவி, மழையில் கரைந்தது.

திரையில் வேறு யாருமே இல்லை.

"பின்னால இழுங்க," என்றார் அய்யாவு அண்ணன்.

இழுத்தேன்.

"இல்ல, இன்னும் பின்னால. வேற ஒரு லோரி இருக்கும். இது இல்ல. இது அந்தப் பக்கம் போறது."

அவர் வேலையில் பார்ப்பதுபோலப் பார்த்தார், திரையின் நான்கு மூலைகளையும் கண்ணால் தடவிக்கொண்டு. மறுபடி இழுக்கச் சொன்னார். ஒரு கார், ஒரு சைக்கிள், ஒரு நாய் என்று ஏதாவது ஒன்று அவனுக்குக் குறுக்கே வந்திருக்கக் கூடாதா என்று நானும் தேடினேன். தேங்காய்ப் பால்தான் இருந்தது. கடைசியில் அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"பைய விட்டுத் தொலச்சிருக்கலாம்ல தம்பி," என்றார். "போனா போவுதுன்னு விட்டுருக்கலாம்ல. சிந்தாம கொண்டு வாடான்னு இவ சொல்லி அனுப்புவா. எப்பவும் சொல்றதுதான். எல்லா அம்மாவும் சொல்றதுதானே?"

நான் ஏதோ சொன்னேன். ஈரத்தில் வழுக்குவது யாருக்கும் நடப்பதுதான், அக்காவுக்குப் புரியும், மெதுவாகச் சொல்லலாம் என்று. அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அடுப்படிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப போட்டீங்களே, அந்தப் பிளேயர். அத எடுத்துட முடியுமா?"

"எடுக்கலாம் அண்ணே. ஆனா…"

"எடுத்துடுங்க. முந்தி இருந்த மாதிரி ஆக்கிடுங்க."

எடுத்தேன். பிளேயரை, அதோடு வந்த கோடெக்கை, அது விட்டுச்சென்ற கோப்புகளை. எனக்கு வேலையில் ஒருநாளும் இப்படி ஒன்றைத் திருத்தி முடித்ததும் உடைத்துப் பழக்கமில்லை. சிடியை அவர் இரண்டாக ஒடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பென்டிரைவையும் அழித்துவிடவா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. "அவன் அதுக்குள்ள இருக்கான்ல."

கதவு திறந்தது. "நம்பர் வந்துச்சா?"

"படம் வரல பவுனு. கருப்பாத்தான் இருக்கு."

பவுனம்மாள் வந்து திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். "பரவால்ல தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க," என்று சொல்லி என் தோளைத் தட்டினார். பிறகு, "சத்தமாச்சும் போடுங்க," என்றார்.

கருப்புத் திரையில் மழை பெய்தது. உறுமல் வந்தபோது அவர் விரலை உயர்த்திக் காட்டினார். "இந்தா. இந்தா கேக்குது பாருங்க."

"ஆமா," என்றார் அய்யாவு அண்ணன். "கேக்குது."

அதற்குப்பின் காவல் கூண்டில் அவர் என்னோடு பேசுவது குறைந்துபோனது. பகை இல்லை. நான் லிஃப்டுக்குப் போகும்போது கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். ஒருவர் முகத்தில் மற்றவர் அந்தப் படத்தைப் பார்த்துவிடுவோமோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது. என் பாஸ் அந்த வருடமும் புதுப்பிக்கப்பட்டது. அவர் எந்தக் கேலியும் செய்யவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, கிள்ளானில் அலுவலக நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஷபீர் கடை முக்கில் வண்டி நின்றபோது, சாக்கடைக்கு அந்தப் பக்கம், துறைமுகச் சாலையின் ஓரத்தில் ஒரே குடைக்குள் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்தேன். அய்யாவு அண்ணனும் பவுனம்மாளும். இறங்கிவிட்டேன்.

"வாங்க தம்பி, சாப்டீங்களா?" என்றார் பவுனம்மாள், பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல். "லீவு நாள்ல வந்து நிப்போம். இந்தப் பக்கந்தானே அவன் தெனமும் ஓட்டணும்? எங்க போயிருவான்?"

துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிய லோரி ஒன்று வந்தது. அவர் குடையை விட்டு ஓரடி முன்னால் போய், ஓட்டுபவரின் முகத்தை அண்ணாந்து பார்த்தார். அய்யாவு அண்ணன் குடையை நீட்டி அவர் தலைக்குமேல் பிடித்தார். தான் நனைந்தார்.

"இவனா இருக்குமா லோகன்ப்பா?"

அய்யாவு அண்ணன் தலையைச் சாய்த்து, லோரி கடந்து போகும்வரை கவனமாகக் கேட்டார்.

"இவன் இல்ல பவுனு," என்றார். "சத்தம் வேற."

அடுத்தது வந்துகொண்டிருந்தது.